பாஞ்சாலங்குறிச்சியும் தொடக்கக் குறியும்

வீரபாண்டியக் கட்டபொம்மனைப் பற்றி வழங்கும் செவிவழிச் செய்திகளுள் ஒன்று ஈண்டு ஆராய்தற்குரியது. திருச்செந்தூர் முருகனிடத்துப் பேரன்பு பூண்டவன் அவன். அங்கே உச்சிக்காலப் பூசை முடிந்த பின்னரே பாஞ்சாலங்குறிச்சியில் அவன் உணவு கொள்வான் என்றும், அதனை அறிதற்பொருட்டு வழிநெடுக மண்டபங்கள் எடுத்து மணி கட்டி, ஒன்றன் ஒலி கேட்டு அடுத்தது ஒலிக்குமாறு செய்தான் என்றும் கூறுவர். மணியன்று, முரசே என்பாரும் உளர்.

இதனை அவன் பக்திக்குச் சான்றாகக் காட்டி அமைவதே வழக்கம். யான் கருதுவது வேறு. ஒரு செயலை எப்போது தொடங்குதல் வேண்டும் என்னும் வினாவிற்குரிய விடையொன்று இதனுள் பொதிந்து கிடக்கின்றது.

தொடக்கத்தை வரையறுக்கும் நெறி இருவகைப்படும். இத்தனை நாழிகை கழிந்தபின் தொடங்குக என்பது ஒன்று. முல்லைப்பாட்டில் பாசறைக்கண் அரசனுக்குப் பொழுது அறிவிக்கும் நாழிகைக் கணக்கர் இந்நெறியினர். முன்னைய நிகழ்ச்சி முடிந்தது எனக் குறி வந்தபின் தொடங்குக என்பது மற்றொன்று. பூசையோ விழாநாளில் நீளும், பிறநாளில் சுருங்கும். ஆகவே நாழிகை வட்டில் எத்துணைத் திருத்தமாக அமையினும் இங்குப் பயன்படாது.

இன்று இணையப் பக்கங்களில் அசைவூட்டங்களை இயக்கும் நிரலாளர் முன்னும் இவ்விரு நெறிகளே நிற்கின்றன. பக்கம் திறந்து இத்தனை விநாடி கழிந்தபின் படம் அசைக என்று எழுதலாம். ஆயின் படிப்பவர் அவ்விடத்தை அடையுமுன்னரே அசைவு நிகழ்ந்து முடிந்துவிடுதல் கூடும். ஆதலின், அப்பகுதி திரையில் தோன்றியது என்னும் குறியையோ, முந்திய அசைவு முடிந்தது என்னும் குறியையோ எதிர்நோக்கி நிற்குமாறு நிரலை அமைப்பர். மணியோசைக்குக் காத்திருந்த வாழையிலைக்கும் இதற்கும் கொள்கையளவில் வேற்றுமை யாது?

இனி, இது நிகழக்கூடியதா என்று பார்ப்போம். ஈரூர்க்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஒலி விநாடிக்கு 340 மீட்டர் அளவிற் செல்வது. அதற்கு மட்டும் இரண்டரை நிமிடம் வேண்டும். கிலோமீட்டருக்கு ஒரு மண்டபம் எனக் கொண்டு, ஒவ்வொரு காவலனும் கேட்டுத் தானும் அடிக்க மூன்று விநாடி ஆகுமெனின், அது மற்றும் ஓர் இரண்டரை நிமிடம். ஆக ஐந்து நிமிடம். கால் நாழிகைக்கும் குறைவு. விரைந்து செல்லும் குதிரைக்கும் இரண்டு மணி நேரமேனும் வேண்டும். தாமிரபரணிக் கரையின் தோப்புகளைத் தாண்டிவிட்டால் அப்பால் மரம் அரிதான கரிசல் வெளி. ஒலிக்குத் தடை மிகுதியில்லை. ஆயினும் ஆடி மாதத்து மேல்காற்று குறுக்கே வீசும்போது கேட்டிருக்குமோ என்பது ஐயமே.

குறியை நம்பும் நெறிக்கு உரிய குறைகளும் உண்டு. ஒரு காவலன் உறங்கினால் அப்பாலுள்ளோர் அனைவரும் வாளா காத்திருப்பர். ஒருவன் பிறிதோர் ஓசையைப் பிழைபட உணர்ந்து அடித்தால், அப்பிழை கோட்டை வரை செல்லும். அதனைத் திரும்ப அழைக்க வழியில்லை.

இதுவரை கூறியன இயலுமா என்பதையே காட்டும். நிகழ்ந்தது என்பதைக் காட்டா. திருமலை நாயக்கர் திருவில்லிபுத்தூர்ப் பூசையை மதுரையிலிருந்தே அறிதற்கு இத்தகைய மண்டபத் தொடர் அமைத்தார் என்றும் கதை வழங்குகின்றது. ஒரே கதை இருவர்மேல் ஏற்றிக் கூறப்படுமாயின் ஆராய்ச்சியாளன் தயங்குதல் கடன். பாஞ்சாலங்குறிச்சியின்பால் பற்றுடையார்க்கு இது கசப்பாக இருத்தல் கூடும், என்செய்வது!

ஆனால் அதே மண்ணில் எழுத்துச் சான்று பெற்ற தொடக்கக் குறி ஒன்று உண்டு. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். பேச்சுவன்மை குன்றிய அவன் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பி, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பினான். அவன் இடது உள்ளங்கையில் துரும்புகளைப் பரப்பி அவற்றை ஆங்கிலேயர் படையாகக் காட்டுவான். பின் மறுகையால் அவற்றைத் துடைத்தெறிந்து வாயினால் ஒரு சீற்றொலி எழுப்புவான். தாக்குதல் தொடங்குக என்பதற்கு அதுவே குறி. இதனை எழுதிவைத்தவர் பகைவர் படையிலிருந்த ஜேம்ஸ் வெல்ஷ். அவர்தம் நினைவுநூல் 1830இல் வெளிவந்தது. போற்றுதற்கு யாதொரு கடப்பாடும் இல்லாத ஒருவர் வியந்து எழுதிய செய்தி ஆதலின் இதற்கு வலிமை மிகுதி.

1801 மார்ச் 31இல் கோட்டையைத் தாக்கிய கும்பினிப்படை தோற்றுப் பின்வாங்கிற்று. மே 24இல் கோட்டை வீழ்ந்தது. வெற்றி பெற்றோர் அதனைத் தரைமட்டமாக்கினர். ஆதலின் மணித்தொடருக்குச் சான்று கோட்டையில் கிடைத்தல் அரிது. வழியிலேதான் தேடுதல் வேண்டும். திருச்செந்தூரிலிருந்து வடமேற்கே செல்லும் பழைய தடத்தில் எஞ்சிய கல்மண்டபங்களின் இடைவெளியை அளந்து, அவ்விடைவெளி மணியோசை எட்டும் எல்லைக்குள் அடங்குமா அன்றி வழிப்போக்கர் இளைப்பாறும் தொலைவுக்கு ஒத்திருக்குமா என்று ஒப்பிடுவார் உளராயின், இவ்வழக்கு ஒருவாறு தீரும்.