மட்டி வாட்டர்ஸ்: மின்கிதாரும் உரிமைக் கணக்கும்

1941 ஆகஸ்டில், மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் நகருக்கு அருகிலுள்ள ஸ்டோவால் பண்ணைக்கு ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியுடன் வந்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டார் பாடல்களைத் திரட்டுவது அவரது பணி. அந்த ஆய்வில் அவருடன் இணைந்திருந்தவர் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பின இசையறிஞர் ஜான் வொர்க். அன்று அவர்கள் முன் பாடிய மெக்கின்லி மோர்கன்ஃபீல்டு என்ற பண்ணைத் தொழிலாளியே பின்னாளில் மட்டி வாட்டர்ஸ் என்று உலகப் புகழ் பெற்றார். வொர்க் எழுதிய ஆய்வோ பல பத்தாண்டுகள் காணாமற்போய், 2005இல்தான் நூலாக வெளிவந்தது. யாருடைய உழைப்பு யார் பெயரில் நிற்கிறது என்ற கேள்வி, இவ்வரலாற்றின் முதல் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது.

மட்டி 1913இல் பிறந்தார் என்பதே ஆவணங்கள் காட்டுவது. அவர் 1915 என்று சொல்லிவந்தார். பாட்டியிடம் வளர்ந்தார். பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகும் மிசிசிப்பியின் பருத்தி வயல்களில் கோலோச்சியது வாரச் சாகுபடி. நிலமும் விதையும் கடைச் சரக்கும் பண்ணையாருடையவை. கணக்குப் புத்தகமும் அவருடையதே. அறுவடை முடிந்து கணக்குத் தீர்க்கும் நாளில் உழைத்தவன் பெயரில் கடனே மிஞ்சும். வாக்குரிமையும் நீதிமன்றமும் எட்டாத மக்களுக்கு அந்தக் கணக்கை எதிர்த்து முறையிட இடமில்லை. புளூஸ் பிறந்தது இந்த மண்ணில். அதை வெறும் சோகப் பாட்டு என்று சுருக்குவோரை நாம் ஏற்பதற்கில்லை. நையாண்டியும் இச்சையும் மிரட்டலும் அதில் சம அளவு உண்டு.

1943இல் மட்டி மணிக்கூலியைச் சில சென்ட்டுகள் உயர்த்தக் கேட்டார், மேற்பார்வையாளர் மறுத்தார். அவர் சிகாகோவுக்கு ரயிலேறினார். 1910 முதல் 1970 வரை தென்மாநிலங்களை விட்டு வெளியேறிய ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்களில் அவரும் ஒருவர். பகலில் தொழிற்சாலை வேலை, லாரி ஓட்டும் வேலை; இரவில் மதுக்கடைகளில் பாட்டு. அந்த இரைச்சலில் சாதாரணக் கிதாரின் ஒலி எடுபடவில்லை. ஆகவே மின்கிதார் தேவையாயிற்று. வயற்காட்டில் கற்ற வழுக்கு வாசிப்பை அவர் ஒலிபெருக்கியின் வழியே செலுத்தியபோது, நகரத் தொழிலாளரின் புதிய இசை உருவானது. லிட்டில் வால்டரின் ஹார்மோனிகாவும் ஓட்டிஸ் ஸ்பானின் பியானோவும் சேர்ந்த அவரது குழு, பிற்கால ராக் இசைக்குழுக்களுக்கெல்லாம் முன்மாதிரி.

1948இல் அரிஸ்டோகிராட் நிறுவனம் வெளியிட்ட ‘ஐ கான்ட் பி சாடிஸ்ஃபைட்’ விரைவில் விற்றுத் தீர்ந்தது. 1950இல் அந்நிறுவனம் செஸ் ரெக்கார்ட்ஸ் ஆனது. அவ்வாண்டு வெளியான ‘ரோலிங் ஸ்டோன்’ பாடலிலிருந்தே பிரிட்டனின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் பெயரை எடுத்துக்கொண்டது. 1958இல் மட்டி இங்கிலாந்தில் வாசித்தபோது மின்கிதாரின் ஓசை சிலரைத் திடுக்கிட வைத்தது. சில ஆண்டுகளில் அதே ஓசையை வெள்ளை இளைஞர்கள் வாசித்துச் செல்வம் ஈட்டினர்.

வழக்கறிஞர்கள் என்ற முறையில் நாம் நின்று பார்க்க வேண்டியது இதைத்தான். செஸ் சகோதரர்கள் பங்குவகித்த ஆர்க் மியூசிக் என்ற பதிப்புரிமை நிறுவனத்தின் மீது, மட்டியும் பாடலாசிரியர் வில்லி டிக்சனும் 1970களில் வழக்குத் தொடுத்தனர். உரிமத்தொகை முறையாக வந்து சேரவில்லை என்பது முறையீடு. வழக்கு சமரசத்தில் முடிந்தது, விவரங்கள் வெளியாகவில்லை. சமரசம் வழக்காடியவருக்குப் பணம் தரும். அடுத்து வருபவர் மேற்கோள் காட்ட ஒரு தீர்ப்பைத் தராது. மட்டி 1962இல் பாடிய டிக்சனின் ‘யூ நீட் லவ்’, லெட் செப்பலின் குழுவின் 1969ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற பாடலுக்குள் நுழைந்திருந்தது. டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்தார்; அதுவும் சமரசமே.

மட்டி 1970களில் ஆறு கிராமி விருதுகள் பெற்றார்; 1983 ஏப்ரல் 30 அன்று மறைந்தார். டிக்சன், தாம் ஈட்டிய தொகையிலிருந்து புளூஸ் ஹெவன் என்ற அறக்கட்டளையை நிறுவினார். இசைக்கலைஞர்கள் தம் உரிமைகளை மீட்க உதவுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. 1992இல் அவர் இறந்த பின், சிகாகோ தெற்கு மிச்சிகன் சாலை 2120ஆம் எண்ணிலுள்ள பழைய செஸ் கட்டடத்தை அவரது மனைவி விலைக்கு வாங்கினார். அறக்கட்டளை இன்று அங்கேதான் இயங்குகிறது.