கொழும்பின் தொகுப்பிசை: தபாலட்டையிலிருந்து கசற் வரை

ஒரு பாடகரின் அல்லது இசைக்குழுவின் பெயர்பெற்ற பாடல்களை மட்டும் பொறுக்கி ஒரே இசைத்தட்டில் விற்கும் வழக்கம் மேற்கில் 1950களின் பிற்பகுதியில் வேரூன்றியது. 1958இல் அமெரிக்கப் பாடகர் ஜோனி மத்திஸின் தொகுப்பு வெளியாகி ஆண்டுக்கணக்கில் விற்பனைப் பட்டியலில் நின்றது. பிரித்தானிய ரொக் குழுக்களும் அந்த வழியில் இறங்கின. 1966இல் ரோலிங் ஸ்டோன்ஸ், அதே ஆண்டின் இறுதியில் பீட்டில்ஸ், 1981 ஒக்டோபரில் குயின். குயின் குழுவின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ பிரித்தானியாவில் மட்டும் எழுபது இலட்சத்துக்கு மேல் போய், அந்நாட்டில் மிக அதிகமாக விற்ற இசைத்தொகுப்பானது. அதன் பிரித்தானியப் பதிப்பில் 17 பாடல்கள் இருந்தன. நாட்டுக்கு நாடு பட்டியலைக் கம்பனி மாற்றிக்கொண்டது. எந்தப் பாட்டு எங்கே விலைபோகும் என்ற கணக்கே தெரிவைத் தீர்மானித்தது.

கொழும்பில் தொகுப்பிசை வேறு வழியாக வளர்ந்தது. அங்கே பாடல்களைத் தெரிந்தெடுத்தவர் கேட்பவரே. தெரிவு முதலில் தபாலட்டையில் வானொலி நிலையத்துக்குப் போனது. பின்னர் கொப்பித் தாளில் எழுதப்பட்டுக் கடைக்குப் போனது.

இதற்கு அடித்தளம் போட்டது போர். கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரிலேயே முறையாகத் தொடங்கிவிட்டது. ஆனால் அதன் குரலைக் கடல் கடந்து கொண்டுபோன ஆற்றல் இரண்டாம் உலகப் போரின் விளைவாக வந்தது. தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் தன் வீரர்களுக்காக நடத்திய ‘ரேடியோ சீக்’ நிலையத்துக்கு ஏக்கலையில் 100 கிலோவாற் சிற்றலைப் பரப்பி அமைந்தது. 1949இல் அந்த வசதிகள் இலங்கை அரசின் கைக்கு வந்தன. அவ்வாண்டே ‘ரேடியோ சிலோன்’ என்ற பெயரும் வந்தது. 1950 செப்ரெம்பர் 30ஆம் திகதி வர்த்தக சேவை ஆரம்பமானது. கொழும்புத் திட்டத்தின்கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிபர்ட் டொட் அதை நடத்தினார். கொழும்பு ஏழில், டொரிங்டன் சதுக்கக் கட்டடத்திலிருந்து புறப்பட்ட பாட்டு பம்பாயிலும் மதுரையிலும் தெளிவாகக் கேட்டது.

இந்தியாவில் 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடலை ஒடுக்கினார். 1957 ஒக்டோபரில் விவித் பாரதி தொடங்கும்வரை இந்தியத் திரைப்பாட்டு கேட்க விரும்பியவர் வானொலிப்பெட்டியின் முள்ளைக் கொழும்பை நோக்கித் திருப்ப வேண்டியிருந்தது. அந்தத் தேவை ஒரு புதிய வடிவத்தைப் பிறப்பித்தது. ரேடியோ சிலோனின் ஆங்கில சேவையில் மேற்கத்தியப் பாடல்களை வரிசைப்படுத்தித் தந்த ‘பினாக்கா ஹிட் பரேட்’ ஏற்கெனவே பெயரெடுத்திருந்தது. அதே முறையில் இந்திப் பாட்டும் வேண்டுமென்று இந்திய நேயர்கள் எழுதினார்கள். 1952 டிசம்பர் 3ஆம் திகதி அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ முதன்முதலாக ஒலித்தது. நிகழ்ச்சி பம்பாயில் பதிவாகி, ஒலிநாடா விமானத்தில் கொழும்புக்கு வந்து ஒலிபரப்பானது. முதலில் தரவரிசை இருக்கவில்லை. ஏழு பாடல்களை ஒலிபரப்பி, அவற்றை வரிசைப்படுத்தும் வேலையை நேயர்களிடமே ஒப்படைத்தார்கள். ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன. இலண்டனில் ஓர் இசை வார இதழ் இருபதளவு கடைகளுக்குத் தொலைபேசி எடுத்து, விற்பனையைக் கேட்டு, பிரித்தானியாவின் முதல் தனிப்பாடல் தரவரிசையை அச்சிட்டது 1952 நவம்பர் 14ஆம் திகதி. இரண்டுக்கும் இடையே மூன்று வாரம்கூட முழுதாக இல்லை. அங்கே கடைக்காரரின் கணக்கு பேசியது, இங்கே நேயரின் கடிதம் பேசியது. தொகுப்பிசை வரலாற்றை எழுதுபவர்கள் இலண்டன் திகதியைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். கொழும்புத் திகதிக்கும் அதே இடம் உரியது.

குயின் குழுவின் பாடகர் பிரெடி மெர்குரியும் இந்த ஒலியெல்லைக்குள் வளர்ந்தவரே. சான்சிபாரில் ஃபரோக் பல்சாரா என்ற பெயரில் பிறந்த அவர், மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில் விடுதிப் பள்ளியில் படித்தபோது 1958இல் ‘ஹெக்டிக்ஸ்’ என்ற மாணவர் குழுவில் பியானோ வாசித்தார். வானொலியில் கேட்ட பாட்டை உடனே பியானோவில் வாசித்துக் காட்டுவார் என்பது பள்ளித் தோழர் ஒருவரின் நினைவு. அக்காலத்தில் இந்தியத் துணைக்கண்டத்தின் இளைஞர்களுக்கு மேற்கத்தியப் பொப் இசை வந்த பெருவழி ரேடியோ சிலோன்தான்.

தமிழ் வர்த்தக சேவை இதே உறவைத் தமிழ்நாட்டுடன் வளர்த்தது. எஸ்.பி.மயில்வாகனத்தின் குரல் 1950களில் இரு கரையிலும் வீட்டுக் குரலாயிற்று. பின்னர் கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீத் ஆகியோர் அந்த இடத்தை நிரப்பினார்கள். பொங்கும் பூம்புனல், நேயர் விருப்பம், பிறந்தநாள் வாழ்த்து, பாட்டுக்குப் பாட்டு என்று நிகழ்ச்சிகள் நீண்டன. ‘இசைத் தேர்தல்’ என்ற பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஒரு பாட்டைக் கேட்க விரும்பியவர் தன் பெயரோடு அயலவர், உறவினர் பெயர்களையும் தபாலட்டையில் நெருக்கி எழுதி அனுப்பினார். அறிவிப்பாளர் அத்தனை பெயரையும் வாசித்த பிறகே இசைத்தட்டு சுழன்றது. ஊர்ப்பெயர்களின் அந்த நீண்ட வாசிப்பு பாட்டுக்குச் சமமான இன்பம் தந்தது என்பதில் ஐயமில்லை.

இந்தத் தட்டுகளில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து வந்தவை. உள்ளூரில் தமிழ்ப் பாட்டைத் தட்டில் ஏற்றும் முயற்சி 1960களின் இறுதியிலும் 1970களிலும் வலுத்தது. திருகோணமலையின் பரமேஸ் கோணேஸ் சகோதரர்கள் தங்கள் பாடல்களை இசைத்தட்டாக்கினார்கள். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.ஈ.மனோகரனின் ‘சுராங்கனி’ போன்றவை பைலாத் தாளத்தைத் தமிழுக்குள் கொண்டுவந்தன. 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்ததும் உள்ளூர்ப் பொப் இசைக்குக் காது கிடைக்க ஒரு காரணம்.

1977இல் ஜே.ஆர்.ஜயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. ஜப்பானிய ஒலிநாடாப் பெட்டிகள் புறக்கோட்டைக் கடைகளில் குவிந்தன. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் விடுமுறையில் வரும்போது வானொலியும் கசற்றும் சேர்ந்த ‘டூ இன் வன்’ பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார்கள். பிலிப்ஸ் நிறுவனம் 1963இலேயே அறிமுகப்படுத்திய கசற், கொழும்பின் சாதாரண வீட்டுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது. அதனுடன் பிறந்த தொழில், கேட்ட பாடல்களைக் கசற்றில் பதிந்து கொடுக்கும் ‘ரெக்கோடிங் பார்’.

காலி வீதியிலும் அதன் கிளைத் தெருக்களிலும் வெள்ளவத்தையில் இந்தக் கடைகள் இயங்கின. கொட்டாஞ்சேனையிலும் அப்படியே. முதலாளியின் முதல் என்பது அலுமாரி நிறைந்த இசைத்தட்டுகளும், ஒரு நல்ல தட்டுச் சுழற்றியும், பதிவுப் பெட்டிகளுமே. வாடிக்கையாளர் வெற்றுக் கசற்றைக் கொண்டுவருவார், அல்லது அங்கேயே வாங்குவார். கூடவே பட்டியலைக் கொடுத்துவிட்டுச் சில நாள் கழித்து வந்து எடுத்துக்கொள்வார். அறுபது நிமிடக் கசற்றில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறேழு திரைப்பாட்டுத்தான் கொள்ளும். ஆகவே பட்டியலை எழுதும்போதே கழிக்கவும் வேண்டும். பக்கத்தின் கடைசியில் மீதமாகும் இரண்டு நிமிடத்தில் என்ன போடுவது என்பதில் பதிவாளரின் திறமை தெரிந்தது. நல்லவர் நாடா முடியுமுன் பாட்டு முடியும்படி வரிசையைச் சற்றே மாற்றுவார். அவசரக்காரரின் கசற்றில் கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்துபோகும். பதிவு முடிந்ததும் மேல் விளிம்பிலுள்ள இரண்டு சிறு தகடுகளையும் உடைத்துவிட்டால் மேலே வேறு பாட்டு ஏறாது. உறை அட்டையில் பேனையால் தலைப்பு எழுதப்படும்: ரி.எம்.எஸ். சோகப் பாடல்கள், இளையராஜா ஹிட்ஸ், பக்திப் பாடல்கள்.

பட்டியல்கள் பேட்டைக்குப் பேட்டை வேறுபட்டன. கொட்டாஞ்சேனையில் தமிழ்க் கத்தோலிக்கரும் கொழும்புச் செட்டிகளும் சிங்களக் கத்தோலிக்கரும் பறங்கியரும் ஒரே தெருவில் வாழ்ந்தார்கள். கல்யாண வீட்டுக்கும் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள் காலத்துக்கும் வேண்டிய கசற்றில் எம்.எஸ்.பெர்னாண்டோவின் பைலாவும் தமிழ்த் திரைப்பாட்டும் பொனி எம், ஏபா குழுக்களும் அடுத்தடுத்து வரலாம். கம்பனி ஒருபோதும் ஒரே உறைக்குள் சேர்க்காத கலவை அது. இந்தத் தொழிலின் உண்மையான ஆக்கம் அதுவே.

1983 ஜூலை இனவன்முறையில் வெள்ளவத்தையின் தமிழ்க் கடைகள் எரிந்தன. பாட்டு விற்ற இடங்களும் அந்த அழிவுக்கு விலக்கல்ல. 1990களில் போரினால் வடக்கிலிருந்து வந்தவர்கள் லொட்ஜுகளிலும் வாடகை அறைகளிலும் தங்கி வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தபோது அப்பகுதி மறுபடி நிரம்பியது. அவர்கள் விட்டுவந்த யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கசற் கேட்டார்கள். வெள்ளவத்தையில் பதிவான தொகுப்புகள் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் பயணப் பெட்டிகளில் போயின. அங்கிருந்து பதில் பேச்சுப் பதிவாகிய கசற்றுகளும் வந்தன. ஊரைவிட்டுப் போனவருக்கு எந்தப் பன்னிரண்டு பாட்டு வேண்டுமென்று வீட்டார் உட்கார்ந்து தீர்மானித்த அந்தத் தாள்கள், இடப்பெயர்வின் வரலாற்றுக்கு அரச ஆவணங்களைவிட நெருக்கமான சான்றுகள்.

1998இல் சூரியன் எப்.எம்., சக்தி எப்.எம். என்ற தனியார் தமிழ் வானொலிகள் வந்தபின் விருப்பப் பாட்டுக்குத் தபாலட்டை தேவைப்படவில்லை, தொலைபேசி போதுமானது. இறுவட்டும் அதன்பின் எம்.பி.3 தட்டும் வந்தன. நூற்றுக்கு மேற்பட்ட பாட்டு ஒரே தட்டில் அடங்கியதால் பட்டியலிலிருந்து எதையும் கழிக்க வேண்டியிருக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், அனுமதியின்றிப் படியெடுத்து விற்பதற்கு எதிரான விதிகளைப் புதுப்பித்தது. கைத்தொலைபேசியின் நினைவட்டை பரவியபோது, பாட்டு ஏற்றிக் கொடுப்பது தொலைபேசிக் கடையின் பக்க வேலையாக ஒடுங்கியது.