வல்வில்லும் கப்பி வில்லும்



சேலம், நாமக்கல் சமவெளியில் எத்திசை நோக்கினும் கண்ணுக்கு ஒரு மலை தென்படும். சேர்வராயன் மலை, கஞ்சமலை, போதமலை, கொல்லிமலை என அவை நம் ஊர்களைச் சூழ்ந்து நிற்கின்றன. அவற்றுள் கொல்லிமலையைச் சங்க காலத்தில் ஆண்டவன் ஓரி என்னும் தலைவன். மன்னர்க்கு அடைமொழியாக அமைந்தவை பெரும்பாலும் அவர்தம் குடியோ, நாடோ, போர்க்களமோ ஆகும். ஓரிக்கோ அவன் கையிலிருந்த கருவியே அடைமொழியாயிற்று. வல்வில் ஓரி என்றே உலகம் அவனை அறியும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்த வில்லே. இக்காலத்தில் வில்லும் ஓர் இயந்திரமாகிவிட்டது. கப்பிகளும், வடமும், குறிபார்க்கும் கருவியும் பூட்டிய வில் கடைகளில் விற்கப்படுகின்றது. ஆயினும், அத்தகைய வில்லைப் பல ஆண்டுகள் ஆண்டு பழகியோர் சிலர் அதனை ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரு கோலும் ஒரு நாணுமாகிய பழைய வில்லை விரும்பி எடுக்கின்றனர். வளர்ந்த கருவியை விட்டு எளிய கருவிக்கு மனிதன் ஏன் திரும்புகின்றான்? இவ்வினாவிற்கு விடை தேடுவோம்.

முதலில் ஓரியைப் பற்றிச் சிறிது கூறுகின்றேன். கடையெழு வள்ளல்களுள் அவன் ஒருவன் என்று சிறுபாணாற்றுப்படை கூறுகின்றது. வன்பரணர் என்னும் புலவர் அவனைப் பாடிய பாடல் புறநானூற்றில் 152 ஆம் பாட்டாக உள்ளது. காட்டு வழியே செல்லும் பாணர் கூட்டம் ஒன்று ஒரு வேட்டுவனைக் காண்கின்றது. அவன் விடுத்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கின்றது. பாட்டின் முற்பகுதி இது. பிற்பகுதியை உரையின் முடிவில் சொல்வேன்.

முப்பத்தைந்து ஆண்டுகள் நான் பள்ளியில் வரலாறு கற்பித்தேன். இப்பாட்டை எடுத்துரைத்த போதெல்லாம், “ஐயா, ஓர் அம்பு ஐந்து விலங்குகளைத் துளைக்குமோ?” என்று கேட்கும் மாணவன் ஒருவன் வகுப்பில் எப்போதும் இருந்தான். அக்கேள்வியை நான் என்றும் விரும்பி வரவேற்றேன். துளைக்காது என்பதே நேரான விடை. ஆயின், அதனால் பாட்டு பொய்யாகிவிடாது. புலவர் மிகைப்படுத்திப் பாடும்போதும் வெறும் வானத்தைப் பற்றிப் பாடுவதில்லை. கொல்லியில் யானையும் புலியும் வாழ்ந்த காடு இருந்தது. மலைத்தலைவன் தானே வேட்டைக்குச் சென்றான். அவன் வில் வலிமை மிக்கது என்று நாடறிந்த பேச்சு இருந்தது. இவ்வளவும் அப்பாட்டிலிருந்து வரலாற்று மாணவன் பெறத்தக்க செய்திகள். மிகையை நீக்கி மெய்யை எடுப்பதே நம் தொழில்.

இனி, வில்லின் அமைப்பைக் காண்போம். பண்டை வில்லுக்கு மூங்கிலே சிறந்த கோல். அதன் புறத்தோல் இழுவையைத் தாங்கும், எளிதில் ஒடியாது. நாணுக்கு மரல் என்னும் செடியின் நார் உதவியது. வறண்ட குன்றுகளின் அடியில், வாளைப் போன்ற தடித்த இலைகளோடு வளர்வது அது. மருள் என்றும் கூறுவர். ஆங்கிலேயரும் அச்செடியை வில்நாண் சணல் என்னும் பொருள்படவே அழைத்தனர். அம்பின் முனைக்கு இரும்பு வேண்டும். அதுவும் இந்நாட்டிற்குப் புதிதன்று; கஞ்சமலையின் இரும்புத்தாது புகழ் பெற்றது. ஆக, கோலும் நாணும் முனையும் ஆகிய மூன்றையும் இம்மண்ணே தரவல்லது. தன் வில் பழுதுபட்டால் வில்லாளன் எவரையும் நாடிச் செல்ல வேண்டுவதில்லை. காட்டை நாடிச் சென்றால் போதும்.

வேட்டைக்கு உதவிய வில் போருக்கும் உதவிற்று. தருமபுரி மாவட்டம் 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அப்பகுதியிலும் அதனை அடுத்த செங்கம் பகுதியிலும் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. ஆநிரை மீட்டு மாண்ட வீரர்களை அக்கற்களில் காணலாம். ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளும் ஏந்தி அவர்கள் நிற்கின்றனர். சேரர் தம் கொடியிலும் காசிலும் வில்லையே பொறித்தனர். மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூற்றில் கல்லாடனார் கூறுகின்றார். வில்லாற் புகழ் பெற்றவனின் மலை, வில்லைக் கொடியாகக் கொண்டவனிடம் சென்று சேர்ந்தது.

வெடிமருந்து வந்தபின் போர்க்களத்தில் வில்லின் காலம் முடிந்தது. ஆயினும், பயன் ஒழிந்த பின்னும் பண்பாட்டில் அது அழியவில்லை. நீலகிரித் தோடர் எருமை வளர்த்துப் பாலுண்டு வாழும் மக்கள். வேட்டையாடும் வழக்கம் இல்லாதவர். அவர்களிடையே கருவுற்ற மனைவிக்குக் கணவன் சிறு வில்லும் அம்பும் செய்து கொடுக்கும் சடங்கு உண்டு. செடியின் குச்சியே வில், புல்லின் தண்டே அம்பு. அதனைக் கொடுத்தவனே பிறக்கும் குழந்தைக்குத் தந்தை எனக் கொள்ளப்படுவான். ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1906 இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் வில் இசைக்கருவியாகி, வில்லுப்பாட்டு என்னும் கலையைத் தந்தது. நம் நாட்டில் வில் இவ்வாறு சடங்காகவும் இசையாகவும் வாழ்ந்திருக்க, கடல் கடந்த நாட்டில் அது இயந்திரமாக மாறியது.

அமெரிக்க நாட்டின் மிசௌரி மாநிலத்தில் ஹோலிஸ் வில்பர் ஆலன் என்பவர் ஒரு புதுவகை வில்லை அமைத்து, 1966 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 இல் உரிமை கிடைத்தது. காம்பவுண்டு வில் என விளையாட்டு வீரர் கூறுவது இதனையே. இதன் இரு முனைகளிலும் கப்பிகள் உள்ளமையால் இதனைக் கப்பி வில் என்று நான் கூறுவேன்.

இதன் நுட்பம் எளிது. சாதாரண வில்லை இழுக்க இழுக்கப் பளு ஏறிக்கொண்டே செல்லும். நாண் கன்னத்தைத் தொடும்போது முழுப்பளுவும் விரல்களின் மேல் நிற்கும். கப்பி வில்லிலோ பளு இடையில் உச்சத்தை அடைந்து, முழுதும் இழுத்தபின் பெரிதும் குறைந்துவிடும். அச்சு நடுவில் அமையாத கப்பிகளே இதற்குக் காரணம். 60 இராத்தல், அதாவது ஏறக்குறைய 27 கிலோ இழுவையுள்ள கப்பி வில்லில் நான்கில் மூன்று பங்கு குறையுமாயின், வில்லாளன் தாங்க வேண்டியது 15 இராத்தலே. அவன் கை நடுங்காது. நிதானமாகக் குறி பார்ப்பான். குறிபார்க்கும் கருவியும் துணை செய்யும். பல ஆண்டுகள் பழகிப் பெற வேண்டிய திறனைச் சில திங்களிலேயே எய்திவிடலாம்.

இத்துணை வசதியைத் துறந்து பின்னோக்கிச் செல்வோரின் எண்ணம் யாது? அதனை அறிய அமெரிக்க நாட்டின் மற்றொரு நிகழ்ச்சியைக் காண வேண்டும். 1911 இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரருகே தனி மனிதர் ஒருவர் பசியால் மெலிந்த நிலையில் காணப்பட்டார். யாஹி என்னும் பழங்குடியில் எஞ்சியிருந்த கடைசி மனிதர் அவர்; மற்றையோர் குடியேறிகளின் துப்பாக்கிக்கும் பசிக்கும் நோய்க்கும் இரையாயினர். தம் பெயரைத் தாமே கூறுதல் அவர் குல வழக்கம் அன்று. ஆகவே, மனிதன் என்னும் பொருளுடைய இஷி என்ற சொல்லாலேயே அவரை அழைத்தனர். பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் அவர் வாழ்ந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப் என்பவர் அவரிடமே வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். 1916 இல் இஷி காசநோயால் இறந்தார். அவரிடம் கற்றவற்றையும் தம் பழக்கத்தையும் கொண்டு வில் வேட்டை பற்றிய நூலொன்றைப் போப் 1923 இல் வெளியிட்டார். அந்நூலைப் படித்துப் பலர் வில்லை எடுத்தனர். குலத்தையே இழந்த ஒருவர், தம் குலத்தின் கலையை மட்டும் இழக்காமல் வேற்றாரிடம் ஒப்படைத்துச் சென்றார் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கின்றது.

கப்பி வில் பரவிய பின் அதனை விட்டு எளிய வில்லுக்குத் திரும்பியோர் நாடியது இஷியின் முறையையே. அவர்கள் கூறும் காரணங்களை எண்ணிப் பாருங்கள். கப்பி வில்லின் அம்பு விரைவாகச் செல்லும். ஆதலால் தொலைவிலிருந்தே எய்யலாம். எளிய வில்லை ஏந்தியவன் விலங்கின் அருகே செல்ல வேண்டும். பலர் ஏறக்குறைய 20 கெஜத்திற்கு அப்பால் எய்வதே இல்லை. அருகே செல்ல வேண்டுமாயின் காற்று வீசும் திசையை அறிய வேண்டும். சருகு நொறுங்காமல் அடி வைக்க வேண்டும். விலங்கின் வழக்கத்தைக் கற்க வேண்டும். முழுப்பளுவையும் தாங்கி நெடுநேரம் நிற்க இயலாது. ஆதலால் எய்யலாமா, கூடாதா என்பதை நாணை இழுக்குமுன்னே முடிவு செய்தல் வேண்டும். எய்யாமல் வெறுங்கையோடு திரும்பும் நாள்களே மிகுதி. பழையது என்பதால் அவர்கள் பழைய வில்லை எடுக்கவில்லை. இயந்திரம் நீக்கிய பளுவோடு தங்கள் கல்வியும் நீங்கியதை உணர்ந்தே எடுத்தனர்.

இதனைக் கேட்ட இளைஞர் எவரும் வில்லேந்திக் காட்டுக்குள் புகலாம் என்று எண்ணிவிடலாகாது. வேட்டைக்கு விதிவகுத்து இசைவளிக்கும் நாடுகளின் கதை வேறு. நம் நிலை வேறு. 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வேட்டையைத் தடை செய்கின்றது. ஆயுதம் என்னும் சொல்லுக்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் துப்பாக்கியோடு வில்லும் அம்பும் பெயர் சுட்டியே சேர்க்கப்பட்டுள்ளன. அது முறையே. ஓரி வேட்டையாடிய காலத்தில் காடு பெரிது, ஊர் சிறிது. இன்று ஊர் பெரிது, காடு சிறிது. எஞ்சியுள்ள உயிர்களைக் காப்பதே நமக்குரிய வீரம்.

அவ்வாறாயின் எளிய வில்லுக்கு இனி இடம் எங்கே? விளையாட்டுத் திடலில் உண்டு. இந்திய வில்வித்தைச் சங்கம் நடத்தும் தேசியப் போட்டிகளில் மூன்று பிரிவுகள் உள்ளன. ஒன்று ஒலிம்பிக்கில் வழங்கும் ரிகர்வ் வில்; மற்றொன்று கப்பி வில்; மூன்றாவது மூங்கில் வில்லைக் கொண்டு 30, 50 மீட்டர் தொலைவில் எய்யும் இந்தியச் சுற்று. இராஜஸ்தானத்து மலைக்குடியில் பிறந்து, மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பாராம் 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் நம் நாட்டின் சார்பாக நின்றார். அவர் பழையதிலிருந்து புதியதற்குச் சென்றவர். மூங்கிலில் பழகிய கண்ணும் தோளும் புதிய வில்லிலும் அவருக்குத் துணை நின்றன.

கப்பி வில்லை நான் இகழ்வதாகவும் கொள்ள வேண்டா. 2023 இல் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் கப்பி வில் பிரிவின் ஐந்து தங்கப் பதக்கங்களையும் இந்தியரே வென்றனர். கைகளின்றிப் பிறந்த ஜம்மு காஷ்மீரத்து மங்கை சீதல் தேவி, காலால் கப்பி வில்லைப் பிடித்து எய்து 2024 இல் பாரிஸ் பாரா ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார். இயந்திரம் மனிதனுக்குச் செய்யும் நன்மைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? கருவி நமக்கு எதனைத் தருகின்றது என்பதோடு, எதனை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நான் கூற விரும்புவது இவ்வளவே. வாய்பாடு அறிந்தபின் கணிப்பொறியைத் தொடு என்று நான் வகுப்பில் கூறியதும் இக்கருத்தினால்தான்.

இனி, நிறுத்திவைத்த பாட்டின் பிற்பகுதிக்கு வருவோம். ஐந்து விலங்குகளை வீழ்த்திய அவ்வேட்டுவனைக் கண்ட பாணர், இவன் ஊனை விற்று வாழ்பவன் போலத் தோன்றவில்லையே என்று வியக்கின்றனர். ஓரியோ, வேறொருவனோ என ஐயுற்று, இசைக்கருவிகளை முழக்கி ஓரியின் புகழைப் பாடுகின்றனர். தன் பெயரைக் கேட்ட அவன் நாணுகின்றான். பின்னர்த் தான் கொன்ற மானின் தசையையும் மதுவையும் தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் அவர்களுக்கு வாரி வழங்குகின்றான். ஓர் அம்பின் செயல் பாட்டின் தொடக்கம். நாணமும் ஈகையுமே அதன் முடிவு. புலவர் எதனைப் பெரிதெனக் கருதினார் என்பது இதனால் விளங்கும்.

ஆடித் திங்களில் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கின்றது. வில்வித்தைப் போட்டியும் நடைபெறுவதுண்டு. வாய்ப்புள்ள மாணவர்கள் சென்று காணுங்கள். ஆசிரியரின் துணையோடு ஒருமுறை மூங்கில் வில்லின் நாணை இழுத்தும் பாருங்கள். பளு விரல்களில் ஏறுவதை உணர்வீர்கள். வல்வில் என்னும் சொல்லின் பொருள் அகராதியிலிருந்து அன்றி உங்கள் தோளிலிருந்தே அப்போது விளங்கும்.