பொறி யாத்த செய்யுளும் புலவர் யாத்த செய்யுளும்

கணிப்பொறி இயற்றும் கவிதை மனிதக் கவிதைக்கு ஈடாகுமா என்னும் வினா எழுபதாண்டுப் பழமை உடையது. 1952இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணிப்பொறியில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி காதல் கடிதங்களை ஆக்கினார். 1959இல் ஜெர்மனியில் தியோ லுட்ஸ், காஃப்காவின் ‘கோட்டை’ புதினச் சொற்களைக் கொண்டு தொடர்களை உருவாக்கினார். இரண்டிலும் தொடரமைப்பை மனிதர் வகுத்தனர். சொற்களைத் தற்செயல் எண்கள் தேர்ந்தன.

தமிழில் இம்முயற்சி இசைப்பாடலை ஒட்டி அமைந்தது. 2009இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையத்தில் சோபா லலிதா தேவி உள்ளிட்ட ஆய்வாளர்கள், மெட்டைக் குறில், நெடில், மெய் என்னும் வாய்பாடாக மாற்றி, அதற்குப் பொருந்தும் வரிகளைப் பொறியால் ஆக்கினர். அடுத்தடுத்த சொற்களின் நிகழ்வெண்ணே அங்குத் தொடருக்கு அடிப்படையாயிற்று. ஓசை பொருந்தினும் பொருள் பொருந்தாமை உணரப்பட்டமையால், 2010இல் சொற்பொருள் வகைப்பாடும் உருபனியல் ஆக்கியும் துணைக்கொள்ளப்பட்டன. ஆகவே தமிழாய்வின் முதற் படிப்பினை, யாப்பு எளிது, பொருள் அரிது என்பதாகும்.

இன்றைய பெரும் மொழி மாதிரிகள் இவ்விடர்ப்பாட்டைப் பெரிதும் கடந்துள்ளன. 2024இல் வெளிவந்த போர்ட்டர், மஷெரி ஆகியோரின் ஆய்வில், கவிதைப் பயிற்சி இல்லாத ஆங்கில வாசகர்கள் 46.6 விழுக்காடு அளவிலேயே பொறிக் கவிதையையும் மனிதக் கவிதையையும் சரியாகப் பிரித்தறிந்தனர். இது குருட்டு ஊகத்தினும் குறைவு. பொறிக் கவிதைகளையே அவர்கள் மிகுதியாக விரும்பினர். அவற்றின் எளிமை இவ்விருப்பத்திற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர்.

இம்முடிவைக் கொண்டு வினா தீர்ந்தது எனலாகாது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுறுப்புகளை 34 என வகுக்கிறது. மாத்திரை, அசை, சீர், அடி, தொடை ஆகியவை எண்ணத்தக்கவை; பொறிக்கு எட்டுபவை. கூற்று, கேட்போர், களன், காலம், முன்னம் ஆகியவையோ யார், யாரிடம், எங்கு, எப்போது மொழிந்தனர் என்பதைச் சுட்டுபவை. இவையும் செய்யுளின் உறுப்புகளே; புறச்செய்திகள் அல்ல.

மும்பைத் தமிழ் இதற்குத் தக்க சான்று. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோர் தாராவியில் குடியேறினர். அலுவலகப் பணிக்கு வந்த தென்னிந்தியர் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழ்ந்தனர். 1932இல் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் தோன்றியது. ‘மழை’ என்னும் சொல் அச்சேறிய தமிழில் பெரும்பாலும் முல்லைத்திணையின் காத்திருப்பையும் உழவின் மகிழ்ச்சியையும் தழுவி வரும். தாராவியின் தகரக்கூரைக்கீழ் அதே சொல் வீட்டினுள் புகும் நீரைக் குறிக்கும். ‘கோலி’ பொதுத்தமிழில் விளையாட்டுக் குண்டு. மும்பையில் மராத்தி வழி வந்த ஒற்றையறைக் குடியிருப்பு. எழுதப்பட்டவற்றையே கற்கும் பொறி, அச்சேறாத பேச்சைக் கற்க இயலாது. அப்பேச்சை முதன்முதலில் எழுத்தாக்குபவர் அங்கு வாழும் மனிதரே.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இது கருதத்தக்கது. ஐயுற்ற இடத்தில் ‘இஃது யார் கூற்று’ என வினவியே அவர் சொல் தேர்கிறார். பொறிச் செய்யுளில் அவ்வினாவிற்கு விடையளிப்போர் இலர். அதனை ஆக்கச் சொல்லித் தேர்ந்தெடுத்த மனிதரே அப்பொறுப்பை ஏற்க வேண்டும். ஓசையிலும் தொடரிலும் பொறி ஈடாகியுள்ளது. வாசகர் விருப்பிலும் சில இடங்களில் விஞ்சியுள்ளது. கூற்றும் களனும் செய்யுளின் உறுப்புகளாகக் கொள்ளப்படும் வரை, ஈடு முழுமையுற்றது எனல் பொருந்தாது.