அடர்த்தியான எலும்பும் உடையும்: நெல்லூர் கிணறு முதல் நம்ம ஊர் போர்வெல் வரை

சின்னாளப்பட்டி, ஆத்தூர், நிலக்கோட்டை பக்கம் இருக்கிற சொந்தங்களே, வீட்டுல அறுபது தாண்டின அம்மா, அப்பத்தா இருந்தா இந்த இழையை முழுசா படிச்சிடுங்க.

இலவச முகாம்ல குதிகாலை ஒரு மிஷின்ல வைக்கச் சொல்லி, "எலும்பு ஸ்ட்ராங்"னு சீட்டு கொடுத்திருப்பாங்க. அந்தச் சீட்டை எவ்வளவு நம்பலாம்? அதுக்கு 1937-க்குப் போகணும்.

அப்போ நெல்லூர் மதராஸ் மாகாணத்தில் இருந்தது. அங்கே சில கிராமங்களில் மக்களுக்கு முதுகு விறைத்து, குனியவே முடியாமல் போனது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த ஷார்ட், சி.ஜி. பண்டிட், ராகவாச்சாரி மூவரும் காரணத்தை எழுதினார்கள்: கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு. இந்த நோயில் எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு மெலிந்து தெரியாது. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை வெளேர்னு தெரியும்.

வேடிக்கை என்னன்னா, 1960-களில் மேலை நாட்டு மருத்துவர்கள் இதே ஃபுளோரைடை ஆஸ்டியோபோரோசிஸுக்கு, அதாவது எலும்பு மெலிவுக்கு, மருந்தாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். (மூட்டுத் தேய்மானம் வேற, இது வேற. குழப்பிக்காதீங்க.) எலும்பை அடர்த்தியாக்குது, அப்போ பலமாக்கும்தானே என்ற கணக்கு.

1990-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வு வெளியானது. மாதவிடாய் நின்ற 202 பெண்கள், நான்கு வருடம். ஃபுளோரைடு எடுத்தவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியது. ஆனால் முதுகெலும்பு முறிவு குறையவில்லை. கை, கால், இடுப்பு போன்ற மற்ற எலும்புகளின் முறிவு மூன்று மடங்கு ஆனது! அடர்த்தி கூடிய எலும்பு, தரத்தில் மோசம்.

1994-இல் உலக சுகாதார நிறுவனம் டெக்ஸா ஸ்கேனில் மைனஸ் 2.5 என்ற எல்லையை வகுத்தது. உபயோகமான எண்தான், ஆனா அது மட்டும் போதவில்லை. கீழே விழுந்து எலும்பு உடைந்து வருகிறவர்களில் நிறைய பேருக்கு அந்த எண் அவ்வளவு மோசமாக இருப்பதில்லை. (குதிகால் மிஷின் டெக்ஸா இல்லை. அதுக்கு இந்த எல்லை பொருந்தவும் செய்யாது.)

அதனால் 2008-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஜான் கானிஸ் குழு ஃப்ராக்ஸ் என்ற கணக்கியைக் கொண்டுவந்தது. வயது, எடை, உயரம், முன்பு எலும்பு உடைந்ததா, அம்மா அப்பாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்ததா, புகை, மது, முடக்கு வாதம், ஸ்டீராய்டு... இதையெல்லாம் வைத்து அடுத்த பத்து வருடத்தில் முறிவுக்கான வாய்ப்பைச் சொல்லும். ஸ்கேன் இல்லாமலும் போடலாம். இந்தியாவுக்குத் தனி மாடலும் இருக்கு. என்னைக் கேட்டா, நம்ம ஊருக்கு மிஷினை விட இதுதான் உபயோகம்.

ஆனா ஃப்ராக்ஸ் கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு. எந்தத் தண்ணி குடிச்சீங்க? திண்டுக்கல் மாவட்டத்தில் நிலக்கோட்டை உள்பட பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பாதுகாப்பு அளவான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருக்கு. சின்னாளப்பட்டிக்குப் பக்கத்திலேயே, காந்திகிராம கிராமியப் பல்கலையின் வேதியியல் துறை தண்ணீரிலிருந்து ஃபுளோரைடை நீக்க எத்தனையோ ஆய்வுகள் செய்திருக்கு.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது நீங்களா எடுத்துச் சொல்லுங்க: எத்தனை வருஷம் போர்வெல் தண்ணி குடிச்சோம், மூட்டு வலிக்கு என்ன மாத்திரை எத்தனை மாசம் போட்டோம், போன வருஷம் எத்தனை தடவை வழுக்கி விழுந்தோம்னு. பழைய மாத்திரை அட்டை இருந்தா அதையும் கையோட எடுத்துட்டுப் போங்க.