தொட்டி நத்தையின் பூர்வோத்தரம்

மீன்தொட்டியின் கண்ணாடியில் கடுகளவு நத்தையொன்று ஊர்வதைக் கண்டதும் வீட்டுக்காரர் படுகிற பதைப்பைப் பார்த்தவர்களுக்கு, அந்த ஜந்துவை முதன்முதலில் தொட்டிக்குள் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து குடிவைத்தவர்களில் ஒரு ரசாயன சாஸ்திரியும் உண்டு என்று சொன்னால் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

லண்டன் மருந்து வாணிகர் சங்கத்தில் ரசாயனியாக உத்தியோகம் பார்த்த ராபர்ட் வாரிங்டன் என்பவர், பன்னிரண்டு காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரமொன்றில் பாதிக்கு ஊற்றுநீர் வார்த்து, அடியில் மணலும் சேறும் பரப்பி, வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியை ஊன்றி, இரண்டு தங்கமீன்களை விட்டார். மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைச் செடி கிரகித்துப் பிராணவாயுவைத் திருப்பித் தருமாகையால், தண்ணீரை மாற்றாமலே இரண்டும் ஜீவித்திருக்கலாம் என்பது அவருடைய கணக்கு. கணக்கில் பிழையில்லை, ஆனால் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி, வழுவழுப்பான பாசி எங்கும் படர்ந்து, ஜலம் கலங்கத் தொடங்கியதைக் கண்டபோது, குளங்களில் இந்த அழுகலையெல்லாம் யார் தின்று தீர்க்கிறார்கள் என்று யோசித்து, குளத்து நத்தைகள் சிலவற்றைப் பிடித்து உள்ளே போட்டார். நீர் தெளிந்தது, அதற்கு மேலும் ஒரு லாபமாக, நத்தையிட்ட முட்டைகள் மீன்களுக்கு ஆகாரமாயின. 1850-இல் ரசாயன சங்கத்தின் சஞ்சிகையில் அவர் வெளியிட்ட இந்த அனுபவமே வீட்டு மீன்தொட்டியின் ஆதிநூல் என்று கொள்ளலாம். அதில் மீன், செடி, நத்தை என்ற மூன்றில் எதை எடுத்தாலும் மற்ற இரண்டும் கெட்டுப்போகும்.

கண்ணாடியின் மீதிருந்த வரியை ஆங்கில அரசாங்கம் 1845-இலேயே நீக்கிவிட்டிருந்ததால் தொட்டி செய்யக் கண்ணாடி மலிவாயிருந்தது. 1853-இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென்று ஒரு மண்டபம் எழுந்தது. மறு வருஷம் தொட்டி வளர்ப்பைப் பற்றிப் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் வெளிவந்தது. இவற்றால் அது ஒரு மோகமாயிற்று. மோகம் வளர வளர நீர்ச்செடி வியாபாரமும் வளர்ந்தது. அப்படி விலைக்கு வந்த செடியின் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தால், ஜவ்வரிசிக் கஞ்சித் துளி ஒட்டிக் காய்ந்ததுபோல, உள்ளே பொட்டுப்பொட்டாய் முட்டைகள் தெரியும் ஒரு கூழ்த்திவலை இருக்கும். அழைப்பு இல்லாமலே நத்தை பிரயாணம் செய்யக் கற்றுக்கொண்டது இந்த விதமாகத்தான்.

இப்படிப் பரவியவற்றுள் முக்கியமானது பைசா அக்யூட்டா. 1805-இல் டிராபர்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் தம் நாட்டு நத்தையாகவே பாவித்து அதை வர்ணித்தார். பிற்காலத்து ஆராய்ச்சி அதன் பூர்வீகத்தை வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோயிற்று. தனித்து விடப்பட்ட ஒரே நத்தை தானே கருத்தரித்து வம்சம் பெருக்கவல்லது. அதன் ஓடு சுழலும் திசையும் கவனிக்கத்தக்கது: நாம் வலம்புரி என்று பூஜையில் வைக்கும் சங்கு எந்தத் திசையில் முறுகியிருக்கிறதோ அதே திசை. வலம்புரியை வடிகட்டியில் அள்ளிக் குப்பையில் கொட்டுகிறோமே என்று எனக்கு ஒருமுறை தோன்றியதுண்டு, கொட்டிவிட்டுத்தான் தோன்றியது.

மற்றொன்று நம்மவரே. ஊசிபோல நீண்டு, பகலில் மணலுக்குள் புதைந்து, விளக்கணைந்த பின் நூற்றுக்கணக்கில் எழுந்துவரும் மெலனாய்டஸ் என்ற நத்தையை, டேனிஷ் சாஸ்திரியான மியூலர் 1774-இல் உலகுக்கு அறிவித்தபோது, அது கிடைத்த இடமாகக் குறித்தது சோழமண்டலக் கரையை. தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர் கையிலிருந்தது என்பதை நினைத்துக்கொண்டால் இதில் ஆச்சரியம் குறையும். இன்று அது ‘மலேசிய நத்தை’ என்ற பெயரில் விலாசம் மாறித் திரிகிறது. முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனுவதால், இலையைத் துடைத்து இதைத் தடுக்க இயலாது.

ஒழிக்கும் உபாயங்களில் மயில்துத்தம் பிரசித்தமானது. ஆனால் நத்தையைக் கொல்லும் தாமிரம் இறாலையும் விடாது, செத்த நத்தைகள் மொத்தமாய் அழுகித் தண்ணீரைக் கெடுப்பது வேறு. புதுச் செடியைப் படிகார நீரில் ஊறவைத்து அலசுவதும், இரவில் வெந்த கீரையிலை ஒன்றை அடியில் போட்டுக் காலையில் மொய்த்த கூட்டத்தோடு தூக்கிவிடுவதும் சாதுவான வழிகள். மீனுக்கு இரை குறைத்தாலன்றி இவையும் பலிக்கமாட்டா. ஏனெனில் மீன் தின்று மிஞ்சியதே நத்தைக்கு மூலதனம்.

என் அண்டைவீட்டு நண்பர் இவற்றிலெல்லாம் பொறுமையிழந்து, 1941-இல் ஹோராவும் நாயரும் பம்பை நதியிலிருந்து விவரித்த, திருவிதாங்கூர்ப் பெயர் தாங்கிய, ஓரங்குலம் மட்டுமே வளரும் குட்டிப் பேத்தை மீன்கள் நாலு வாங்கிவிட்டார். கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு ஒரு கணம் அசையாமல் நின்று, நத்தை உணர்கொம்பை நீட்டியதும் வெடுக்கென்று கொத்தும் அவற்றின் நேர்த்தியை நாங்கள் இருவரும் மாலைதோறும் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு மாதத்தில், மணலுக்குள் பதுங்கியவை தவிர, கண்ணில் படும் நத்தை ஒன்றுகூட மிஞ்சவில்லை. மீன்களோ உலர்ந்த தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. இப்போது நண்பரின் கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கிறது. தினமும் காலையில் அதில் ஒரு கீரையிலையைப் போட்டு, சிரத்தையாக நத்தை வளர்த்து வருகிறார்.