அம்பிளிக்கையில் நடந்த பரிசோதனை

இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் அடங்கியுள்ள ஒட்டன்சத்திரமும் அதையடுத்த அம்பிளிக்கையும் 1985 வரை மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்தவை. பழனி மலைக்கு வடக்கே பரந்து கிடக்கும் அந்தச் சமவெளியைக் காய்கறிச் சந்தையால் அறிந்தவர்கள் அநேகர், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் சரித்திரத்தில் அதற்குள்ள ஸ்தானத்தை அறிந்தவர்களோ வெகு சிலர்.

இந்நோய்க்கு மூலகாரணமான பாப்பிலோமா வைரஸைப் பெரும்பாலான ஸ்திரீகளின் உடல் ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே அகற்றிவிடுகிறது. தாக்குண்ட உயிரணு, அண்டையிலுள்ள அணுக்களை எச்சரிப்பதற்காகச் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்னும் புரதம் இக்காரியத்தில் பெருந்துணை புரிகிறது. ஆயினும் சிலரிடத்தில் வைரஸின் ஈ-6, ஈ-7 என்ற புரதங்கள் அந்த எச்சரிக்கையை எழவொட்டாமல் அடக்கிவிட, இரத்தத்தில் கலவாமல் மேற்படலத்திலேயே ஒதுங்கி வாழும் அக்கிருமியால் ஜுரமோ வலியோ உண்டாவதில்லை. கட்டி உருவானபின் நிலைமை இன்னும் விபரீதமாகிறது: தற்காப்புக்கென்று உடல் சுரக்கும் இன்டர்லூகின்-6 போன்ற சமிக்ஞைப் புரதங்களையே புற்றணுக்கள் தம் வளர்ச்சிக்குச் சாதகமாக்கிக்கொள்கின்றன. தொற்றுக்கும் புற்றுக்கும் இடையே பல ஆண்டுகள் கழிகின்றன. அந்த அவகாசத்திற்குள் நோயின் பூர்வ நிலையைக் கண்டுவிட்டால் உயிர் பிழைக்கும்.

அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடமோ நிபுணரோ இல்லாத கிராமங்களில் என்ன செய்வது? அம்பிளிக்கையின் கிறிஸ்தவ சமுதாய சுகாதார நிலையமும், அடையாறு புற்றுநோய் நிலையமும், பிரான்ஸ் தேசத்து லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து இக்கேள்விக்கு விடை தேடின. பயிற்சி பெற்ற நர்ஸுகள் கர்ப்பப்பை வாயில் நூற்றுக்கு நான்கு பங்கு வலிமையுள்ள காடி அமிலத்தைத் தடவி, சற்றுப் பொறுத்துப் பார்ப்பார்கள். புரதம் மிகுந்த விகார அணுக்கள் இருக்குமிடம் வெளுத்துத் தோன்றும். தக்கவர்களுக்கு அன்றைக்கே குளிர்ச் சிகிச்சையும் அவர்களே செய்தார்கள். அந்தரங்கப் பரிசோதனை என்றாலே கூசும் சமூகத்தில், 2000 முதல் 2003 வரை, அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் முன்வந்தது அந்த நர்ஸுகளின் பொறுமைக்கும் பண்புக்கும் கிடைத்த வெற்றி என்றே நான் கருதுகிறேன். லான்செட் பத்திரிகையில் 2007-இல் வெளியான முடிவின்படி, நோய் நூற்றுக்கு 25 வீதமும் மரணம் 35 வீதமும் குறைந்திருந்தன. ஒப்பிடுவதற்காக வழக்கமான சிகிச்சையோடு விடப்பட்ட 30,958 பெண்களில் 92 பேர் இந்நோயால் இறந்தனர். இந்த விஞ்ஞான லாபத்தைப் போற்றுகிறவர்கள் அவர்களையும் நினைவில் வைத்தல் தர்மம்.

பின்னர் 2009-இல், இந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசியை இரண்டு தவணையாகப் போட்டால் போதுமா, மூன்று வேண்டுமா என்று அறிய இந்தியாவின் பல இடங்களில் 10 முதல் 18 வயதுப் பெண்களிடையே தொடங்கிய சோதனையிலும் அம்பிளிக்கை பங்கு பெற்றது. அரசாங்க உத்தரவால் 2010 ஏப்ரலில் ஊசி போடுவது இடையில் நின்றுவிடவே, ஆயிரக்கணக்கானோர் ஒரே தவணையுடன் நின்றார்கள். அவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், அந்த ஒரு தவணையே நிலைத்த தொற்றைப் பெருமளவு தடுத்தது என்று தெரியவந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2022-இல் ஒற்றைத் தவணையை ஏற்றுக்கொண்டதற்கு இதுவும் ஓர் ஆதாரம். ஆனால் முன்னரே குடிகொண்ட வைரஸை அந்த ஊசி வெளியேற்றாதாகையால், அவர்களுடைய தாய்மாருக்கு நர்ஸின் பரிசோதனையே இன்னும் தேவைப்படுகிறது.